ப்ளூ மேசாவில் கோக்கனி: பெரிய மீன் என்றால் நல்ல காலமா?

டென்வரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. ஜூன் கடைசி வாரம் குடும்பத்துடன் கொலராடோ மாநிலத்தின் கன்னிசன் பக்கம் போகிறார். அங்கே இருக்கும் ப்ளூ மேசா நீர்த்தேக்கத்தில் கோக்கனி சால்மன் பிடிக்க ஆசை. போன கோடையில் போய்வந்தவர்கள், "மீனெல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது" என்று படம் காட்டினார்களாம். அப்படியானால் இந்த ஆண்டும் அமோகமாக இருக்குமா, படகு வாடகைக்குச் செலவழிப்பது தகுமா, போனால் எப்படிப் பிடிப்பது என்கிறார்.

தாராளமாகப் போகலாம். ஜூன் கடைசி அந்த ஏரிக்கு நல்ல காலம். விடியுமுன் எழுந்து படகில் ஏற மனம் இருந்தால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்புக் குறைவு. ஆனால் பெரிய மீன் படத்தைப் பார்த்து அமோகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோக்கனி விஷயத்தில் பெரிய மீன் பெரும்பாலும் ஏரியில் மீன் குறைந்துவிட்டது என்பதன் அறிகுறி. மற்றதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதை விளக்கிவிட வேண்டும்.

கோக்கனி என்பது தனி இனம் அல்ல. பசிபிக் கடலுக்குப் போய்த் திரும்பும் சாக்கை சால்மனேதான். கடலுக்குப் போகாமல் நன்னீர் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் வகை. கடலின் வளமான தீனி இல்லாததால் சாக்கையைவிட மிகச் சிறிதாக நின்றுவிடுகிறது. சால்மன் குடும்பம் என்றவுடன் சின்ன மீனைத் துரத்தித் தின்னும் வேட்டைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. இதன் உணவு டாஃப்னியா போன்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தண்ணீர்ப் பூச்சிகள். செவுளில் இருக்கும் நெருக்கமான முட்களால் அவற்றை வடித்து எடுத்து வயிறு நிறைக்கிறது. ஒரு ஏரியில் ஒரு கோடையில் உண்டாகும் டாஃப்னியாவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை எத்தனை மீன் பங்கு போடுகிறது என்பதுதான் கேள்வி. பந்தியில் ஆள் குறைந்தால் இலைக்கு இலை சோறு கூடுகிறது; அவ்வளவுதான் கணக்கு.

ஐடஹோவில் ட்வோர்ஷாக் என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. 1973-இல் கட்டி முடித்த 717 அடி உயர அணை. அங்கே கோக்கனி ஓடைகளில் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. எண்ணிக்கை பெருத்த ஆண்டுகளில் மீன் ஒன்பது, பத்து அங்குலத்தைத் தாண்டாது. பிடிப்பவர்கள் "மத்தி அளவுக்கு இருக்கிறது" என்று அலுத்துக்கொள்வார்கள், ஆனால் பெட்டி நிறைந்துவிடும். எண்ணிக்கை சரிந்த ஆண்டுகளில் அதே ஏரியில் மீன் நன்றாகப் பருக்கும்; காலை முழுக்க அலைந்தால் இரண்டோ மூன்றோதான் மாட்டும். கோக்கனியை நெடுநாளாகப் பார்த்தவர்கள் ஏரியை மதிப்பிடும்போது நீளத்தை மட்டும் கேட்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கடி, வந்த மீனில் சிறியது எத்தனை என்று சேர்த்துக் கேட்பார்கள். சிறியது ஒன்றுமே வரவில்லை, எல்லாம் பெரிது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அடுத்த ஆண்டுக்கு அங்கே வளர ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஏனென்றால் இந்த மீனின் ஆயுள் குறைவு. ப்ளூ மேசாவில் பெரும்பாலானவை மூன்று வயதில், சில இரண்டிலோ நான்கிலோ, உடல் சிவந்து, முதுகு கூனி, ஆண் மீனுக்குத் தாடை கொக்கிபோல் வளைந்து, ஆற்றில் ஏறி முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரே முறைதான். எனவே நீங்கள் ஜூனில் பிடிக்கப்போகும் மீனின் விதி, பெரும்பகுதி, மூன்று வசந்தங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு எத்தனை குஞ்சு விடப்பட்டது, அதில் எத்தனை பிழைத்தது என்பதுதான் இந்த ஆண்டின் நிலவரம். போன கோடையின் படத்தில் இருந்த பெரிய மீன்கள் இப்போது ஏரியில் இல்லை. அவை இலையுதிர் காலத்திலேயே போய்விட்டன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி ப்ளூ மேசாவுக்கே வருவோம். கன்னிசன் ஆற்றின் குறுக்கே 1966-இல் முடிந்த மண் அணை, கொலராடோ எல்லைக்குள்ளேயே முழுவதும் அடங்கும் நீர்நிலைகளில் பெரியது. ஏறக்குறைய 20 மைல் நீளம். நிரம்பினால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 7,519 அடி. கட்டியபோது கணக்கிட்ட கொள்ளளவு 9,40,700 ஏக்கர் அடி. நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 41 டி.எம்.சி. ஆறு நுழையும் கிழக்குப் பக்கம் ஐயோலா, நடுவில் செபோலா, அணைப் பக்கம் சப்பினேரோ என்று மூன்று படுகைகள். ஐயோலா ஆழமில்லாதது, சப்பினேரோ பக்கம் முந்நூறு அடிக்கும் மேல் இறங்கும். கோக்கனி இந்த மாநிலத்து மீனே அல்ல. வடமேற்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அணை நிரம்பத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே அது இருக்கிறது.

ட்வோர்ஷாக் போலன்றி, இங்கே கோக்கனி பிழைத்திருப்பது மனிதர் கையால். ஏரிக்கு மேலே, ஈஸ்ட் ஆற்றின் கரையில், ஆல்மன்ட் என்ற சிற்றூருக்குச் சற்று மேலே ரோரிங் ஜூடி மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. மாநில வனவிலங்குத் துறை நடத்துவது. செப்டம்பர் முதல் ஏரியை விட்டுக் கிளம்பும் மீன் கன்னிசன் ஆற்றில் ஏறி, கன்னிசன் நகரைத் தாண்டி, ஆல்மன்டில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் டெய்லர் ஆற்றை விட்டு ஈஸ்ட் ஆற்றைத் தேர்ந்தெடுத்து, தான் குஞ்சாக இருந்த பண்ணையின் வாசலுக்கே வந்து நிற்கும். குஞ்சுப் பருவத்தில் பழகிய தண்ணீரின் வாசனைதான் வழிகாட்டி. அக்டோபர், நவம்பரில் ஊழியர்கள் பெண் மீனின் வயிற்றை அழுத்தி முட்டையை வாளியில் இறக்கி, ஆண் மீனின் விந்தைக் கலந்து, குளிர்ந்த ஊற்றுநீரில் பொரிக்க வைக்கிறார்கள். பெண் மீனுக்கு ஏறக்குறைய ஆயிரம் முட்டை. பெரிய மீனாக இருந்தால் முட்டை கூடும். மீன் குறைந்த ஆண்டிலும் பண்ணை ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

வசந்தத்தில் அந்தக் குஞ்சுகளை விடும் முறை எனக்குப் பிடித்த காட்சி. பகலில் விடமாட்டார்கள். ஆற்றில் பழுப்பு ட்ரவுட் வாய் பிளந்து காத்திருக்கும். இருட்டிய பிறகு தொட்டிகளின் மதகைத் திறப்பார்கள். இரண்டு அங்குலக் குஞ்சுகள் தலை ஓட்டத்தை எதிர்த்திருக்க, வால் முன்னாகப் பின்னோக்கியே வழுகிப் போகும். டார்ச் அடித்தால் கறுப்புத் தண்ணீரில் வெள்ளி மினுக்கம் மட்டும் தெரியும். விடிவதற்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பிழைப்பு. ஆண்டுக்கு முப்பது லட்சம் அளவில் குஞ்சு விடுவது வழக்கம். கொலராடோவின் மற்றப் பல நீர்த்தேக்கங்களுக்கும் முட்டை போவது பெரும்பாலும் இங்கிருந்துதான். ஆகவே ப்ளூ மேசாவில் மீன் குறைந்தால் அது ஓர் ஏரியின் பிரச்சினையோடு நிற்பதில்லை. மூன்று ஆண்டு கழித்து மாநிலம் முழுக்க அதன் பலன் தெரியும்.

அந்த முப்பது லட்சத்தைத் தின்பது யார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. லேக் ட்ரவுட் என்று ஒரு மீன். மேக்கினா என்றும் சொல்வார்கள். வடக்கத்திய ஆழ ஏரிகளின் மீன், இதுவும் இங்கே கொண்டுவந்து விட்டதுதான். அறுபதுகளின் கடைசியிலிருந்து சில பத்தாண்டுகள் விட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள், மீன் நிறுத்தவில்லை. தானே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது. பத்தாண்டுக் கணக்கில் வாழும், மெதுவாக வளரும், ஓரளவு பெரிதானதும் மீனைத்தான் தின்னும். ஒரு பெரிய லேக் ட்ரவுட்டின் ஆயுளில் பத்துத் தலைமுறைக் கோக்கனி வந்துபோய்விடும். 2023 மே மாதம் இதே ப்ளூ மேசாவில் ஒருவர் 73.29 பவுண்டு எடையுள்ள லேக் ட்ரவுட்டைப் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு விட்டுவிட்டார். உலக சாதனையாக அதிகாரபூர்வமாக இருந்தது 1995-இல் கனடாவின் கிரேட் பேர் ஏரியில் பிடித்த 72 பவுண்டு மீன். அந்த உடம்பு கோக்கனி தின்று வளர்ந்த உடம்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் கோக்கனிக்கு எமன் அந்த எழுபது பவுண்டுக்காரன் அல்ல. அப்படிப்பட்டவை ஏரியில் சொற்பம். இரண்டடிக்கு உட்பட்ட, எண்ணிக்கையில் மிகுந்த, பசியும் வளர்ச்சியும் உச்சத்தில் இருக்கும் இளவட்டங்கள்தாம் கூட்டத்தைக் காலி செய்கின்றன. அதனால்தான் துறையினர் முதலில் வலை போட்டு இளம் லேக் ட்ரவுட்டை அகற்றினார்கள். பிறகு 2020-இல், 24 அங்குலத்துக்கு மேற்படாத லேக் ட்ரவுட்டின் தலையைக் கொண்டுவந்து கொடுத்தால் பரிசு என்று ஒரு போட்டியையும் தொடங்கினார்கள். இதைச் சுற்றி கன்னிசன் பகுதியில் பழைய மனத்தாங்கல் உண்டு. 'கோப்பை மீன்' என்னும் சாதனை அளவு மீனைப் பிடிக்க வெளியூரிலிருந்து ஆட்களை அழைத்துவரும் வழிகாட்டிகளுக்கு லேக் ட்ரவுட்டில் வலை விழுவது பிடிக்காது. குடும்பத்தோடு சாப்பிட மீன் பிடிப்பவர்களுக்குக் கோக்கனி போதும். என் கட்சி இரண்டாவது. கோக்கனி இல்லாவிட்டால் லேக் ட்ரவுட்டும் எலும்பும் தோலுமாகத்தான் நிற்கும்; கோப்பை மீன் வேண்டும் என்பவர்களே கோக்கனிக்காக வாதாட வேண்டும்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைத்தால் மான்டானாவின் ஃபிளாட்ஹெட் ஏரியைப் பாருங்கள். அங்கே மேற்புற ஏரிகளில் மீனுக்குத் தீனியாக இருக்கட்டும் என்று மைசிஸ் என்ற சிறு இறாலை விட்டார்கள். அது ஓட்டத்தோடு இறங்கி ஃபிளாட்ஹெட்டில் குடியேறியது. கோக்கனியின் டாஃப்னியாவைத் தான் தின்றது; பகலில் ஆழத்தில் பதுங்கி, அங்கே இருந்த லேக் ட்ரவுட்டுக்குத் தான் தீனியானது. லேக் ட்ரவுட் பெருகியது. மெக்டொனால்டு ஓடைக்கு முட்டையிட வந்த கோக்கனி 1985-இல் ஒரு லட்சத்துக்கும் மேல். 1989-இல் நூறுகூட இல்லை. அந்த மீனைத் தின்ன ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நூற்றுக்கணக்கில் கூடிய வெண்தலைக் கழுகுகளும் வருவதை நிறுத்திவிட்டன. ஃபிளாட்ஹெட்டில் கோக்கனி மீளவே இல்லை. மூன்று நான்கு ஆண்டு ஆயுள் உள்ள மீன் சரியத் தொடங்கினால் அந்த வேகத்தில்தான் சரியும்.

அடுத்தது தண்ணீர். ப்ளூ மேசா கொலராடோ ஆற்று அமைப்பின் ஒரு பகுதி. கீழே பவல் ஏரி வற்றினால் மேலே இருப்பவற்றின் மடையைத் திறப்பார்கள். 2021 கோடையில் அப்படித்தான் 36,000 ஏக்கர் அடியை அவசரமாக இறக்கினார்கள். வறட்சியும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு முடிவில் ஏரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. படகுத்துறைகள் முன்னதாகவே மூடின. ஐயோலாவின் பெரும்பகுதி சேறும் புல்லுமாகி, பழைய ஆற்றுத்தடம் வெளியே தெரிந்தது. 2023-இல் நல்ல பனி பெய்து ஏரி மீண்டது. மட்டம் இறங்கினால் கோக்கனிக்கு இரண்டு கெடுதல்: குளிர்ந்த தண்ணீரின் பரப்புச் சுருங்கி அது லேக் ட்ரவுட்டோடு ஒரே அறையில் அடைபடுகிறது, செவுளில் ஒட்டும் ஒருவகை ஒட்டுண்ணியும் நெருக்கத்தில் வேகமாகத் தொற்றுகிறது. மீனைத் தூக்கிச் செவுள்மூடியைத் திறந்து பார்த்தால் அரிசிக் குருணை அளவில் வெளுத்த புள்ளிகளாகத் தொங்கும். மனிதருக்கு அதனால் ஒன்றும் இல்லை. மீனுக்கு மூச்சுத் திணறல். வெப்பமான கோடையில் அதுவே அதைக் கொன்றுவிடும்.

ஆகவே கிளம்புவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? படங்களை விடுங்கள். முதலில் போன இலையுதிர் காலத்தில் ரோரிங் ஜூடியில் எவ்வளவு முட்டை எடுத்தார்கள், இலக்கை எட்டினார்களா என்று பாருங்கள்; துறை அறிவிக்கும், உள்ளூர்ப் பத்திரிகையும் எழுதும். போன ஆண்டு வந்த கூட்டம் எத்தகையது என்று அது சொல்லும், மூன்று ஆண்டு கழித்து என்ன வரும் என்றும் சொல்லும். இரண்டாவது, மூன்று ஆண்டுக்கு முந்தைய குஞ்சு விடுப்பு. மூன்றாவது, சோனார் கணக்கு: கோடையில் இரவு நேரத்தில் படகில் ஒலிக்கருவியோடு ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மீன் எண்ணுகிறார்கள். அதில் சின்ன மீன் எவ்வளவு என்பதுதான் முக்கியம். நான்காவது நீர்மட்டம், நீர்வள ஆணையம் தினமும் வெளியிடுகிறது. ஜூனில் 7,480 அடிக்கு மேல் இருந்தால் படகு இறக்கவோ மீன் தேடவோ கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. இந்த நான்கில் எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் சோனார் கணக்கை எடுத்துக்கொள்வேன்.

இனிப் பிடிக்கும் வழி. கோக்கனிக்குப் பிடித்த வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் ஏரி முழுக்கவே குளிர்ச்சி, அதனால் மீன் மேலேயே, பத்து இருபது அடியில் அலையும். ஜூன் கடைசியில் மேல்தண்ணீர் சூடேறத் தொடங்கியிருக்கும். மீன் முப்பது, நாற்பது அடிக்கு இறங்கும். ஆகஸ்டில் அறுபது, எண்பது. பகலில் ஆழத்தில் ஒதுங்கி, அந்தியிலும் விடியலிலும் தீனிக்காக மேலே ஏறும் பழக்கம் இதற்கு உண்டு. சூரியன் மலைக்கு மேல் வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடி நின்றுவிடுவது அதனால்தான். ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படகேறுபவருக்கு ஏரியின் அழகு மட்டும் கிடைக்கும்.

கரையிலிருந்து வீசுவது ஜூனில் பயன்படாது. படகை மெதுவாக, மணிக்கு 1.2 முதல் 1.8 மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இரையை இழுக்க வேண்டும். டவுன்ரிக்கர் என்ற, கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிடும் கருவி இருந்தால் வேண்டிய ஆழத்தில் சரியாக நிறுத்தலாம். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியில் மாட்டிவிட்டால், மீன் கடித்ததும் கழன்றுவிடும். வாடகைப் படகில் அது இல்லாவிட்டால் கனமான ஈயக்குண்டு கட்டிச் சமாளிக்கலாம். துல்லியம் குறையும், ஜூனில் மீன் வராமல் போகாது.

நரம்பின் கீழ்ப்பக்கம் முதலில் டாட்ஜர் என்ற பளபளக்கும் தகடு. அதற்குப் பின்னால் 8 முதல் 14 அங்குலச் சிறு நரம்பு, அதன் முனையில் இளஞ்சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் சின்ன ரப்பர் கணவாய், அதன் முள்ளில் ஒரு வெள்ளை மக்காச்சோள மணி. பூச்சி தின்னும் மீன் இதை ஏன் கடிக்கிறது என்று கேட்டால், பசியால் அல்ல, எரிச்சலால் என்பதுதான் பெரும்பாலோர் நம்பிக்கை. தகடு இடமும் வலமும் ஆடும்போது பின்னாலிருக்கும் கணவாய் துள்ளுகிறது. சிறு நரம்பு நீண்டுவிட்டால் அந்தத் துள்ளல் செத்துவிடும். எனவே கடி இல்லையென்றால் நிறத்தை மாற்றுவதற்கு முன் நரம்பை இரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள். படகையும் நேர்கோட்டில் ஓட்டாதீர்கள். வளைந்து வளைந்து ஓட்டினால் உள்பக்கத் தூண்டில் கழியின் இரை தாழ்ந்து மெதுவாகும், வெளிப்பக்கத்தது எழும்பி வேகமாகும். எந்தப் பக்கம் கடி விழுகிறது என்பதே வேகத்தைப் பற்றிய பாடம்.

மாட்டிய பிறகுதான் பலர் இழக்கிறார்கள். கோக்கனியின் வாய் அவ்வளவு மென்மை. தாடை ஓரத்தில் விரல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் சவ்வு. முள் அங்கேதான் ஏறியிருக்கும். வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் வளையும் மெல்லிய கழி, ரீலில் தளர்ந்த பிடி, இழுக்காமல் நிதானமாகச் சுற்றுதல். படகருகே வந்ததும் இது சுழலும், துள்ளும், அடியில் பாயும். முதல் வீச்சிலேயே கைவலையை அடியில் கொடுத்து எடுத்துவிட வேண்டும். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் மீன் தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டுத் தண்ணீருக்கே போகும். பிடித்ததை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் இதற்குப் பெரிதாக உதவாது: ஆழத்திலிருந்து சூடான மேல்தண்ணீர் வழியாக வந்த, செதில் உதிர்ந்த கோக்கனி பெரும்பாலும் பிழைப்பதில்லை. வரம்பு வரை பிடித்ததும் நிறுத்திவிடுவதே நாகரிகம்.

பிடித்தவுடன் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, உடனே ஐஸில் வையுங்கள். எண்ணெய்ச் சத்துள்ள மீன். வெயிலில் அரை மணி கிடந்தால் சதை குழைந்துவிடும். ஜூன் மீனின் சதை நல்ல செவ்வாரஞ்சு நிறத்தில் இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி மிதமான தீயில் வறுத்தால் போதும், எண்ணெய் அதிகம் வேண்டாம். புளிக்குழம்பில் போடுவதானால் கடைசியில் போட்டு இரண்டு கொதியில் இறக்குங்கள், இல்லாவிட்டால் கரைந்துவிடும். செப்டம்பரில் சிவந்த மீனின் சதை வெளுத்துப் பஞ்சாகிவிடும். பண்ணையில் முட்டை எடுத்து முடித்த மீனை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் நாட்கள் உண்டு. வாங்குகிறவர்கள் புகையூட்டிச் சாப்பிடுகிறார்கள். வறுவலுக்கு அது ஆகாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்ற வரம்பு ஏரிக்கு ஏரி வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். போகும் ஆண்டின் கையேட்டையே பாருங்கள். இரண்டு கழி போட வேண்டுமானால் அதற்குத் தனி முத்திரை வாங்க வேண்டும். ஏரி குரேகான்டி தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் இருப்பதால் மோட்டார் படகுக்குப் பூங்காத் துறை அனுமதியும், சிப்பி இனங்கள் ஒட்டிவராமல் தடுக்கும் கட்டாயச் சோதனையும் உண்டு. சொந்தப் படகு இல்லாதவருக்கு இந்தச் சோதனையெல்லாம் வாடகை நிலையத்தின் கவலை. எல்க் க்ரீக், லேக் ஃபோர்க் இரண்டு இடங்களிலும் படகுத்துறை இருக்கிறது. எந்தத் துறை எப்போது திறக்கும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஏரியைக் கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தில் 2024 வசந்தத்தில் விரிசல் கண்டு மாதக்கணக்கில் போக்குவரத்து திண்டாடியது. சாலை நிலவரத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எழும்பினால் அந்த நீண்ட ஏரியில் அலை படகைத் திருப்பிப் போடும் அளவுக்கு வரும். 7,500 அடி உயரத்தில் தண்ணீர் ஜூனிலும் விறைக்கும் குளிர். மிதவைச் சட்டையைக் கழற்றவே வேண்டாம்.

வாடகை தகுமா என்பதற்கு: நான்கு பேர் சேர்ந்து அரை நாள் படகு எடுத்து, ஐந்தரை மணிக்குத் தண்ணீரில் இருந்து, பதினொன்றுக்குள் கரையேறும் திட்டமானால் தகும். வழக்கமான ஆண்டில் ஆளுக்கு ஒன்றிரண்டு மீன் என்று எதிர்பார்த்துப் போங்கள். முதல்முறை போகிறவர்கள் படகோடு வழிகாட்டியையும் சேர்த்து எடுப்பது நல்லது. டவுன்ரிக்கரும் மீன்காட்டியும் அவரிடம் இருக்கும், ஆழத்தைத் தேடி நீங்கள் காலையை வீணாக்க வேண்டியதில்லை.

படகில் ஐந்து மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கோக்கனிக்கு இழுத்துப்போகாதீர்கள். கரையிலிருந்தே மண்புழுவோ செயற்கை இரை உருண்டையோ போட்டால் வானவில் ட்ரவுட் கிடைக்கும். வெயில் ஏறி ஐயோலா பக்கம் தண்ணீர் பச்சை படிந்திருந்தால் அங்கே கால் நனைக்க விடாதீர்கள்; சில கோடைகளில் நச்சுப் பாசி எச்சரிக்கை வந்திருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழே உரிமம் தேவையில்லை. ஆனால் பிடிக்கும் மீனின் எண்ணிக்கை வரம்பு அவர்களுக்கும் உண்டு.